வாளியில் ஊறும் அருவாள்

அப்பு,

சுகமா என்று கேட்பதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. நீயும் ரோசியும் சுகமாக இருக்க வேண்டுமே என்றுதான் எழுதச் சொல்கிறேன். கைநாட்டு வைப்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது என்பது உனக்குத் தெரியும். உன் அக்கா செசிலிதான் எழுதுகிறாள். நான் பேசுவதை அவள் பள்ளிக்கூடத்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். உன்னைத் திட்டுகிற இடம் வந்தால் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். போனிலேயே சொல்லிவிடலாமே என்றாள். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், அதற்குள் ஒரு லாரி போகும், கேட்கவில்லை என்று வைத்துவிடுவாய். அக்கா கையெழுத்தில் தாள் வந்தால் முடிவு வரைக்கும் படிப்பாய். அதோடு இது உன் அம்மாவின் உடம்பைப் பற்றிய விஷயம். அவளும் இங்கேதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் எதையாவது மாற்றிச் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்துவிட்டோம். இன்றைக்கு நீ அருவாளைத் தொடமாட்டாய் என்ற தெம்பில் நிதானமாகச் சொல்கிறேன். நாளை விடியும்போது செசிலி வீட்டுக்காரர், உன் மச்சான், வண்டியில் கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிடுவார்.

நேற்று உன் காட்டுக்கு வந்தேன் அல்லவா, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் தாய்மாமன் சவரியைச் சேவுகம்பட்டியில் அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. உன்னைப் பார்த்தால் தேவலை என்று வேடசந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மில் வேலையை விட்டுவிட்டு நீ சீமைக்கருவேலங்காட்டை வெட்ட எடுத்திருக்கிறாய் என்று கேட்டபோது உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு மில் பஸ்ஸில் போய் வந்ததற்கு இது மேல் என்றுதான் நினைத்தேன். வந்து பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடிமரத்தை மெஷின் ரம்பத்தில் சாய்த்துவிட்டு, கிளையையும் முள்ளையும் பெரிய அருவாளால் கழிக்கிறாய். நேராகக் கொத்தாமல் சாய்த்து வெட்டுகிறாய். ஓங்குவதற்கு முன்னால் தலைக்கு மேல் கொடியோ சிம்போ தட்டுமா என்று வெறுங்கையை வீசிப் பார்த்துக்கொள்கிறாய். வளைந்து விறைத்து நிற்கிற கிளையை முதலில் உள்வளைவில் கொத்தி அதன் முறுக்கை அடக்கிவிட்டுத்தான் வெளிப்பக்கம் போகிறாய். குறி தவறினாலும் அலகு மண்ணுக்குப் போகும், முழங்காலுக்கு வராது என்கிற மாதிரி காலை அகட்டி நிற்கிறாய். இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. முள்ளே சொல்லிக் கொடுத்திருக்கும். மனசுக்குள் மெச்சிக்கொண்டு, நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்தேன்.

வெயில் ஏற ஏறச் சத்தம் மாறியது. காலையில் உன் அருவாள் மரத்தில் இறங்கும்போது ஒரே சத்தம்தான் கேட்டது. உச்சி நெருங்குகிற நேரத்தில் அந்தச் சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சின்னச் சத்தம் வந்தது. மூடி சரியாக உட்காராத தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு நடந்தால் வருமே, அந்த மாதிரி. துண்டை உதறி எழுந்து உட்கார்ந்தேன். இந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நீ அப்போது பிறக்கவில்லை.

"ஏலே, பிடி ஆடுதா?" என்று கேட்டேன்.

"லேசாத்தான்ப்பா. ராத்திரி வாளியில போட்டா காலையில இறுகிரும்."

"ஆசாரிகிட்டக் குடுத்து மாட்ட வேண்டியதுதானடா."

"செம்பட்டிக்குப் போயிட்டு வாரதுக்குள்ள அரை நாள் போயிரும். தண்ணி சும்மாதான கெடக்கு."

ரோசி முள்ளைக் கவைக்கம்பால் இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சிரித்தாள். "எனக்கு ஒரு நா தண்ணி மோந்து குடுத்ததில்ல மாமா உங்க மகன். அந்த அருவாளுக்குத் தினம் குளிப்பாட்டு நடக்குது," என்றாள். சொல்லிக்கொண்டே உனக்குக் குடிக்கச் செம்பைக் கொண்டுவந்தாள். நீ அருவாளை இறக்காமல், "முன்னாடி வராத. வெட்டுறவனுக்கு முன்னாடி வரக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது. பின்னாடி நில்லு," என்றாய். அந்தப் பிள்ளையும் சொன்னபடி கேட்டு உன் முதுகுப் பக்கம் போய், குனிந்து முள்ளை அள்ள ஆரம்பித்தாள். நீ மறுபடி ஓங்கினாய்.

அப்போதுதான் எனக்குத் தலை சுற்றுகிறது, உடனே பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடு என்று அடம்பிடித்தேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு அருவாளைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாய். எனக்குத் தலையும் சுற்றவில்லை, ஒன்றும் சுற்றவில்லை. அந்த ஓங்கலை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. உள்ளதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். உன் அம்மாவைக் கேட்காமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நேற்று வந்ததும் அவளிடம் கேட்டேன். அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்தாள். அப்புறம், "எந்தம்பி மண்ணுக்குள்ள போயிட்டான். இனிமே அவனை ஒருத்தரும் ஏச முடியாது. சொல்லிருங்க," என்றாள்.

அந்த வாளித் தண்ணீர் என்ன செய்கிறது என்று முதலில் சொல்கிறேன். ராத்திரி முழுக்க மரம் தண்ணீர் குடித்து உப்புகிறது. பிடிக்குள் இறங்கியிருக்கிற இரும்பை, வால் என்று சொல்கிறோமே, அதை நெரித்துப் பிடிக்கிறது. விடிந்ததும் ஆட்டிப் பார்த்தால் ஆசாரி அன்றைக்குத்தான் அடித்துக் கொடுத்த மாதிரி இருக்கும். எல்லோரும் அந்த நேரத்தில்தான் ஆட்டிப் பார்க்கிறோம். உச்சி வெயிலில் எவனும் ஆட்டிப் பார்ப்பதில்லை. நம் பக்கத்துக் காற்று ஈரத் துணியைச் செத்த நேரத்தில் அப்பளமாக்கிவிடும், பிடி எந்த மூலைக்கு. அது காயும்போது பழைய அளவோடு நிற்காது. இரும்போடு மல்லுக்கட்டி நெரிபட்ட மரம் அல்லவா, சுருங்கும்போது துளை முன்னைவிட அகன்றுவிடும். அன்று ராத்திரி மறுபடியும் வாளி. காலைகளில் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு உச்சியும் முந்தின நாள் உச்சியைவிட மோசமாக இருக்கும். நீ காலையை நம்பி வெட்டுகிறாய்.

செசிலி கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் சிறுமலை அடிவாரத்தில் உடைமுள் மண்டிய உடங்காடு வெட்டினோம். செங்கல் சூளைக்கு விறகு. நான், உன் அம்மா தெரசா, அவள் தம்பி சவரி. உன் மாமனைக் கடைசிக் காலத்தில் கூன் விழுந்த ஆளாகத்தான் நீ பார்த்தாய். அப்போது பார்த்திருக்க வேண்டும். பனைமரம் மாதிரி நிற்பான். அவன் அருவாள் லாரி ஸ்பிரிங் பட்டாவில் அடித்தது, நீளமும் கனமும் உன்னுடையதைப் போலவே இருக்கும். பாடிக்கொண்டே வெட்டுவான். பாட்டு நன்றாக இருக்காது. "ஒம் பாட்டைக் கேட்டே மரம் சாஞ்சிரும் மாப்ள, அருவாளு எதுக்கு?" என்று நான் கேலி செய்வேன். "சாஞ்ச மரத்தை வண்டியில ஏத்துறது யாரு மச்சான், அதுக்கும் நாந்தான் பாடணுமா?" என்பான். நாங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசருவோம், அவன் அசரமாட்டான். அருவாளை ராத்திரி கிணற்றடித் தொட்டியில் ஊறப்போடுவான். நாங்கள் எல்லோரும்தான் போடுவோம். அதில் தப்பு இருக்கிறது என்று அந்தக் காட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

அன்றைக்கும் வெயில் ஏறியது, சத்தம் மாறியது. நான் மாட்டுவண்டியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, அது என்ன சத்தம் என்று புத்தியில் விழவில்லை. உன் அம்மா அவனுக்கு எதிரில் கிடந்த முள்ளை இழுக்கப் போனாள். "அக்கா, முன்னால வராத. பின்னால நில்லு," என்றான். அக்கா மேல் அவனுக்கு அம்புட்டுப் பிரியம். வெட்டுகிறவன் முன்னால் நின்றால் சிம்பு தெறிக்கும், அலகு நழுவும் என்பது எங்கள் எல்லோருக்கும் அத்துபடி. ஆகையால் பெண்பிள்ளைகளைப் பின்னால் நிறுத்துவோம். பின்னால் என்றால் பத்திரம் என்று நினைத்தோம். அவள் அவனுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துத் தோளுக்கு மேல் ஓங்கினான். அந்த ஓங்கலில்தான் அலகு கழன்றது. வேகமாகத் தூக்குகிற வீச்சில் அது மேலேயும் பின்னாலேயும் போகும் அப்பு, முன்னால் போகாது. கழன்றபோது ஒரு சத்தமும் வரவில்லை. அவன் பாட்டை நிறுத்தாமல் கையை இறக்கினான். வெறும் பிடி மரத்தில் மொத்தென்று விழுந்தது.

அவன் முதலில் தன் கையைப் பார்த்தான். அப்புறம் அலகு எங்கே என்று முன்னால் தேடினான். மரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான், புதரைப் பிடியால் விலக்கிப் பார்த்தான். வண்டி மேல் நின்ற எனக்குத் தெரிந்துவிட்டது. குதித்து ஓடினேன். அவன் முன்னால் தேடிக்கொண்டே இருந்தான். பின்னால் அவன் அக்கா முழங்காலைக் குத்திக் குனிந்தபடியே இருந்தாள். அருவாளின் மூக்கு அவள் இடது தோள்பட்டைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. நிமிர்ந்து நின்றிருந்தால் கழுத்து. அதை நான் நினைக்காத நாள் இல்லை.

செசிலி எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்க்கிறாள். எழுது தாயி.

விறகைத் தள்ளிவிட்டு வண்டியில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவளுக்கு நினைவு இருந்தது. வழி நெடுக, தம்பி எங்கே, தம்பி எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் வண்டிக்குப் பின்னால் அந்த வெறும் பிடியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, புல்லறுக்க வைத்திருந்த அருவாள் மேல் விழுந்துவிட்டேன் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். "முதுகுப் பக்கம் எப்படிம்மா குத்தும்?" என்று டாக்டர் கேட்டார். "மல்லாக்க விழுந்தேன் சார்," என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். தனியாக இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சொல்லிராதீங்க. அக்காவை வெட்டுனவன்னு பேராயிரும். ஒருத்தன் பொண்ணு குடுக்க மாட்டான்," என்றாள். சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. அவன் கடைசிவரை கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பாது என்பதை நீங்கள் நினைவு தெரிந்த நாள் முதல் பார்க்கிறீர்கள். செசிலிக்கு ஒற்றைக் கையால் சடை பின்னுவாள், மறுநுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். நீ பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அருவா மேலயா போய் மல்லாக்க விழுவ? கண்ணு முதுகுலயா இருந்துச்சு?" என்று அம்மாவைக் கேலி செய்தாய். அவளும் சேர்ந்து சிரித்தாள். உன் மாமன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். வெஞ்சனம் பிடிக்கவில்லையா மாமா என்று நீ பின்னாலேயே போய்க் கேட்டாய். அவன் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். அந்தக் காட்டில் நடந்ததற்குப் பிறகு அவன் அருவாளைத் தொட்டதில்லை. இளநீர் சீவுவதற்குக்கூட அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிடுவான். வாழைத்தார் வேலை கிடைத்தது, போகவில்லை. பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். பூவுக்கு அருவாள் வேண்டாம்.

அடக்கத்துக்குப் போனபோது அவன் தகரப் பெட்டியில் நல்ல வேட்டி ஏதாவது இருக்கிறதா, உடுத்திவிடலாம் என்று உன் அம்மா திறந்தாள். அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் அந்தப் பிடி. அதன் வாயில் போட்ட இரும்புப் பூண் அப்படியே இருக்கிறது. அலகை அன்றைக்கே எங்கோ பாழுங்கிணற்றில் வீசிவிட்டான், பிடியை வைத்திருந்திருக்கிறான். அவள் அதைத் தன் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். இந்தத் தாளோடு ஒரு பொட்டணம் வரும். அதுதான் அது. துளைக்குள் விரலை விட்டுப் பார். ஒரு இரும்பைப் பிடித்து நிறுத்துகிற துளையா அது என்று பார். ஊறி ஊறிக் காய்ந்து எப்படித் தின்றிருக்கிறது என்று பார்.

வேலையை விடச் சொல்லவில்லை அப்பு. முழுதாக அரை நாள் போகட்டும், செம்பட்டி ஆசாரியிடம் போ. புதுப் பிடி போடச் சொல். நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். வாலைப் பழுக்கக் காய்ச்சி இறக்கி, பிடியின் அடி வரைக்கும் கொண்டுவந்து, வெளியே நீட்டுகிற நுனியை மடக்கி அடிக்கச் சொல். நுனி மடங்கி இருந்தால் மரம் எவ்வளவு சுருங்கினாலும் இரும்பு கழலாது. உன் அருவாளின் பழைய பிடியை ஆசாரி அடுப்பிலேயே போட்டுவிடு. தண்ணீரில் போடுகிற பழக்கத்தை அத்தோடு விடு. வெட்டும்போது உச்சி வேளையில் ஒரு தடவை நிறுத்தி ஆட்டிப் பார். அதெல்லாம் செய்தபிறகும் ரோசியை முன்னாலும் நிறுத்தாதே, பின்னாலும் நிறுத்தாதே. பக்கவாட்டில், நீ தலையைத் திருப்பாமலே கண்ணில் படுகிற இடத்தில், அருவாள் எட்டாத தூரத்துக்கும் அப்பால் நிற்கட்டும். முள் குவிய நேரமானால் ஆகட்டும். நீ ஓய்கிற நேரத்தில் அவள் அள்ளட்டும், அவள் அள்ளுகிற நேரத்தில் நீ ஓய்ந்திரு.

இதுவரை நிதானமாகச் சொன்னேன். செசிலி இப்போது பேனாவை வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டாள். நாளைக்கு மச்சான் வருகிறார், அவர் வருகிற வரைக்கும் வேலையை ஆரம்பிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்று உன் அம்மா சொன்னாள். மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. ரோசிக்குப் போட்டாள். அவள் எடுத்தாள். செசிலி சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவில், "இன்னைக்கும் வெட்டுதான் அண்ணி. நாளைக்கு லாரி வருதாம், பூசைக்குக்கூடப் போகல," என்றாள். அவனிடம் போனைக் கொடு என்றாள் செசிலி. "வெட்டிக்கிட்டு இருக்காரு. கிட்டப் போனா வைவாரு. நான் முன்னாடி போகவே இல்ல அண்ணி, பின்னாடிதான் நிக்கிறேன், பயப்படாதீங்க," என்றாள். அவள் பேச்சுக்குப் பின்னால் உன் அருவாள் கேட்டது. ஒரு சத்தம், அதை ஒட்டிக்கொண்டு இன்னொன்று. அங்கிருந்து தள்ளிப் போ என்று செசிலி கத்துவதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி போட்டுக்கொண்டே இருக்கிறாள். ரோசியுடையதும் அடிக்கிறது, உன்னுடையதும் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

வாசலில் வெயில் தாழ்வாரத்தை விட்டு இறங்கிவிட்டது. உச்சி ஆகப் போகிறது. உன் மச்சான் நாளைக்கு வரவில்லை, இப்போதே கிளம்புகிறார். வண்டியை உதைத்துவிட்டுத் தாளுக்காக நிற்கிறார். அவருக்கும் வாயால் சொல்லி அனுப்புகிறேன். வந்ததும் முதலில், அருவாளைக் கீழே போடு, திரும்பிப் பார், ரோசியைக் கூப்பிடு என்று சொல்லுவார். அவள் வந்து உன் எதிரில் உட்கார்ந்த பிறகு இந்தத் தாளைப் பிரி. உரக்கப் படி, அவளும் கேட்கட்டும். பிடியை அவள் கையில் கொடு. உன் அம்மா எழுந்து போய், எழும்பாத கையை மறுகையால் தாங்கிக்கொண்டு, போன் பக்கத்தில் நிற்கிறாள். படித்து முடித்ததும் கூப்பிடு. நீ பேச வேண்டாம். முதலில் ரோசியைப் பேசச் சொல்.